சிறுநீரகம் சொன்னால்தான் ரத்தம் ஊறும்! தெரியுமா?

இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடம்பில் ஏறக்குறைய ஒரு கோடி சிவப்பணுக்கள் புதிதாகப் பிறந்துவிட்டன, தெரியுமா? விநாடிக்கு 20 லட்சத்துக்கும் மேல்! அத்தனையும் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. சரி, ‘இன்றைக்கு இவ்வளவு வேண்டும்’ என்று மஜ்ஜைக்கு உத்தரவு போடுவது யார்? மூளையா? இதயமா? இரண்டும் இல்லை. முதுகுப் பக்கம் விலா எலும்புக்கு அடியில் ஒதுங்கிக் கிடக்கிற சிறுநீரகங்கள்!

சிறுநீரைப் பிரிப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் எடை. இரண்டையும் சேர்த்தாலும் உடல் எடையில் அரை சதவீதம் தேறாது. ஆனால் இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் மேல், நேராக இங்கேதான் வருகிறது. அந்த ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமா என்று அங்கே சில செல்கள் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. வடிகட்டும் வேலைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. சிறுநீர்க் குழாய்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் குடியிருப்பவை இவை. ஆக்சிஜன் குறைந்தால் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து அனுப்பும். மருத்துவமனைப் பேச்சில் இதற்குப் பெயர் இ.பி.ஓ. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குக் கடுமையான ரத்தசோகை வந்தால் இந்த ஹார்மோன் நூறு மடங்குக்கும் மேல் எகிறும். கருவில் இருக்கும்போது இந்தப் பொறுப்பு கல்லீரலிடம் இருந்தது என்பது இன்னொரு ஆச்சரியம். பிறந்த பிறகுதான் சிறுநீரகத்தின் கைக்கு மாறுகிறது.

அப்படியானால் சிறுநீரகம் பழுதானால்?

உத்தரவு குறையும். மஜ்ஜை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் போதிய வேலை செய்யாது. போதாக்குறைக்கு, ரத்தத்தில் சேரும் கழிவுகளால் இருக்கிற சிவப்பணுக்களும் முழு ஆயுளான 120 நாள் வாழாமல் முன்னதாகவே மடியும். உற்பத்தியும் குறைவு, ஆயுளும் குறைவு. நாள்பட்ட சிறுநீரக நோயின் மூன்றாம் நிலையிலேயே, டயாலிசிஸ் என்ற பேச்சே எழாத காலத்திலேயே, இது மெல்ல ஆரம்பித்துவிடும். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும், பேப்பரைக் கையில் எடுத்தால் தூக்கம் சொக்கும், எந்நேரமும் குளிரும். ‘அறுபது வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் சொல்வார்கள். மருத்துவர் கீழ் இமையைச் சற்று இழுத்துப் பார்ப்பார். சிவந்திருக்க வேண்டிய உள்பக்கம் வெளுத்துக் கிடக்கும். ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 13 கிராமுக்குக் கீழும் பெண்களுக்கு 12-க்குக் கீழும் ஹீமோகுளோபின் இருந்தால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

உடனே வீட்டில் என்ன நடக்கும்? காலையில் பீட்ரூட் ஜூஸ், மத்தியானம் முருங்கைக்கீரை. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பை மாதுளையும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போவார்கள். நூறு கிராம் மாதுளை முத்தில் எவ்வளவு இரும்பு இருக்கிறது தெரியுமா? சுமார் 0.3 மில்லிகிராம்! நிறம்தான் சிவப்பு. ஆனால் இவை எல்லாவற்றிலும் பொட்டாசியம் தாராளமாக இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதைச் சிறுநீரில் தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. தேங்கிய பொட்டாசியம் இதயத்துடிப்பையே குலைக்கும், அளவு மீறினால் இதயத்தை நிறுத்தியும் விடும். அன்போடு கொடுப்பதுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘ரத்தம் ஊற’ என்று கொடுக்கும் பட்டியலில் பாதி, இந்த நோயாளிக்கு மட்டும் விலக்கு என்று எழுதிக்கொடுக்க வேண்டிய பட்டியல்.

இந்த நோயாளிகள் வெளுத்துப்போவதை முதலில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். வருஷம் 1836! சிறுநீரகத்துக்கும் முகத்து வெளுப்புக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்று கண்டாயிற்று. என்ன உறவு என்று கண்டுபிடிக்க 120 வருஷம் ஆயிற்று. அந்தக் கதை இருக்கிறதே!

1890-ல் பிரான்சுவா வியோ என்ற பிரெஞ்சுக்காரர் தென் அமெரிக்காவில் பெரு நாட்டு மலைகளில் ஏறினார். 4,000 மீட்டருக்கும் மேலே மொரோகோச்சா என்ற சுரங்க ஊர். அங்கே தன் ரத்தத்தைத் தானே எடுத்து எண்ணிப் பார்த்தார். கீழே இருந்தபோது ஒரு கன மில்லிமீட்டருக்கு 50 லட்சமாக இருந்த சிவப்பணு, சில வாரத்தில் 70 லட்சத்தைத் தாண்டியிருந்தது! காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் ரத்தம் பெருகுகிறது. சரி, செய்தியைக் கொண்டுபோவது எது? 1906-ல் பாரிசில் பால் கார்னோவும் கிளோட்டில்ட் டிஃபிளாண்டரும் ஒரு முயலின் ரத்தத்தைக் கொஞ்சம் வடித்தார்கள். பிறகு அதன் சீரத்தை எடுத்து நல்ல முயலுக்கு ஊசி போட்டார்கள். நல்ல முயலுக்குச் சிவப்பணு கூடியது! ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒரு பொருள்தான் தூது என்றார்கள். மற்றவர்கள் செய்து பார்த்தபோது சரியாக வரவில்லை. பல பத்தாண்டுகளுக்கு விஷயம் அப்படியே கிடந்தது.

1955-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லியோன் ஜேக்கப்சன் இளம் உயிர்வேதியியலாளர் யூஜின் கோல்ட்வாசரைக் கூப்பிட்டு, அந்தப் பொருளைப் பிரித்தெடுத்துத் தரச் சொன்னார். சில மாத வேலை என்று நினைத்துத் தொடங்கினார் கோல்ட்வாசர். இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று! முதலில் அது எங்கே சுரக்கிறது என்று தெரிய வேண்டுமே? எலிகளில் ஒவ்வொரு உறுப்பாக அகற்றிப் பார்த்தார்கள். எதை எடுத்தாலும் ஹார்மோன் வந்துகொண்டே இருந்தது. சிறுநீரகத்தை எடுத்தார்கள், நின்றுபோனது! 1957-ல் அது செய்தியானது. அப்புறம் வருஷக்கணக்கில் ரத்தசோகை பிடித்த ஆடுகளின் ரத்தத்திலிருந்து துளித்துளியாக வடித்தார்கள். ஆட்டு ஹார்மோன் கிடைத்தது. மனித ஹார்மோனுக்கு எங்கே போவது?

இங்கேதான் ஜப்பானின் குமாமோட்டோ நகரம் கதைக்குள் வருகிறது. அங்கே டகாஜி மியாகே என்ற ஆய்வாளர், மஜ்ஜை செத்துப்போன ஒருவகைக் கடும் ரத்தசோகை நோயாளிகளின் சிறுநீரைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஏன் அவர்களுடையது? அவர்களுக்குச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. ‘ரத்தம் வேண்டும், ரத்தம் வேண்டும்’ என்று அது ஹார்மோனைக் கொட்டுகிறது, கேட்பதற்கு மஜ்ஜைதான் இல்லை. மிஞ்சியது சிறுநீரில் வழிகிறது. சேர்த்தது எவ்வளவு தெரியுமா? 2,550 லிட்டர்! அத்தனையையும் வற்றவைத்துப் பொடியாக்கி, பட்டுத்துணியில் மூட்டை கட்டி, 1975 இறுதியில் சிகாகோவுக்கே நேரில் கொண்டுபோய் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் கோல்ட்வாசரிடம் கொடுத்தார் மியாகே. இரண்டு பேரும் உட்கார்ந்து சுத்திகரித்ததில் கடைசியில் தேறியது 8 மில்லிகிராம் அளவுதான். உள்ளங்கையில் போட்டால் கண்ணுக்கே சரியாகத் தெரியாத அந்தச் சிட்டிகைதான் பின்னாளில் கோடிக்கணக்கான டாலர் வியாபாரத்துக்கு விதை. கோல்ட்வாசர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. கலிபோர்னியாவின் ஆம்ஜென் நிறுவனம் அதை வைத்து மேலே போனது.

அந்த நிறுவனத்தில், தைவானில் பிறந்த ஃபூ-குவென் லின் 1983-ல் இந்த ஹார்மோனுக்கான மரபணுவைப் பிடித்தார். மரபணு கிடைத்தால் போதுமா, ஹார்மோனைச் செய்து தர ஒரு செல் வேண்டாமா? சீன ஹாம்ஸ்டர் என்ற எலியினப் பிராணியின் சூலகச் செல்! 1948-ல் சீன உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் அவசர அவசரமாக அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய சில ஹாம்ஸ்டர்களின் வழியில் வந்த செல் அது. இன்றைக்கும் எத்தனையோ ஊசிமருந்துகள் அந்தச் செல்வகையில்தான் ஊறுகின்றன.

இந்த ஹார்மோன் ஊசியாக வருவதற்கு முன்னால் டயாலிசிஸ் நோயாளிகள் என்ன செய்தார்கள்? ரத்தம் ஏற்றிக்கொண்டார்கள். மறுபடி மறுபடி. ஏற்றுகிற ரத்தத்தோடு மஞ்சள் காமாலைக் கிருமி வந்தது, தேவைக்கு மேல் இரும்பு வந்து கல்லீரலில் படிந்தது. எல்லாவற்றையும் விடப் பெரிய வினை, அடுத்தவர் ரத்தம் ஏற ஏற உடம்பில் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகி, நாளைக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தாலும் பொருந்தாமல் போகும். இன்றைக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு ரத்தம் ஏற்ற மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான். சியாட்டிலில் ஜோசப் எஷ்பாக் சிறுநீரகம் கெட்ட செம்மறி ஆடுகளை வைத்து, ஹார்மோன் கொடுத்தால் ரத்தம் ஊறும் என்று முதலில் காட்டினார். பிறகு 25 டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் புது ஊசி போட்டார்கள். 1987 ஜனவரியில் முடிவு வெளியானது. போதிய அளவு மருந்து பெற்றவர்களில், அதுவரை ரத்தம் ஏற்றியே பிழைத்திருந்தவர்களுக்கு இனி அது தேவையில்லை என்றாகிவிட்டது! 1989-ல் அமெரிக்காவில் அனுமதி.

சைக்கிள்காரர்கள் சும்மா இருப்பார்களா? சிவப்பணு கூடினால் மூச்சு நீளும், பந்தயம் கைவசம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஏழு பட்டங்களை வென்று பறிகொடுத்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், இ.பி.ஓ. போட்டுக்கொண்டதை 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். ஊசியே போடாமல் இந்த வரம் பெற்றவரும் ஒருவர் உண்டு. பின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மாண்டிரான்டா, 1964 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம்! ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பிறவியிலேயே ஒரு மாற்றம். அதனால் அவருடைய ஹீமோகுளோபின் 20 கிராமைத் தாண்டியது. குடும்பத்தில் பலருக்கும் அப்படியே.

இனிமேல்தான் எனக்கு எல்லாவற்றையும் விட வியப்பான பகுதி. ஹீமோகுளோபின் குறைந்த சிறுநீரக நோயாளிகளுக்கு இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கிறது. மெலிந்த ரத்தத்தைக் கொண்டு உடம்பு முழுக்க ஆக்சிஜன் சேர்க்க அது கூடுதலாக உழைக்கிறது. இதயச் செயலிழப்பும் மருத்துவமனை வாசமும் மரணமும் இவர்களுக்கு அதிகம். அப்படியென்றால் ஊசி போட்டு ஹீமோகுளோபினை முழு ஆரோக்கியசாலியின் அளவுக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா? எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். யார்தான் நினைக்க மாட்டார்கள்?

நடந்தது நேர்மாறு! 1998-ல் இதய நோயும் சேர்ந்திருந்த டயாலிசிஸ் நோயாளிகளிடம் செய்த பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. இயல்பான அளவுக்கு ஏற்றியவர்களுக்குப் பலன் வரவில்லை, ஆபத்தின் சாயல்தான் தெரிந்தது. 2006-ல் அமெரிக்காவில் க்வயர் ஆய்வு. 1,432 பேரில் ஒரு சாராருக்கு இலக்கு 13.5, மற்றவர்களுக்கு 11.3. மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு எல்லாம் சேர்த்து உயர்ந்த இலக்குக்காரர்களில் 125 பேருக்கு, தாழ்ந்த இலக்கில் 97 பேருக்கு. அதுவும் முன்கூட்டியே நின்றது. 2009-ல் ட்ரீட் ஆய்வு, சர்க்கரை நோயும் சிறுநீரக நோயும் சேர்ந்த 4,038 பேர். ஊசி போட்டு 13-ஐ நோக்கி ஏற்றியவர்களில் 101 பேருக்குப் பக்கவாதம், வெற்று ஊசி பெற்றவர்களில் 53 பேருக்கு. ஏறக்குறைய இரட்டிப்பு! நடுவில் 2007-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் மேல் கறுப்புக் கட்டத்தில் எச்சரிக்கை அச்சிடச் சொல்லிவிட்டது.

காரணம் மருந்தின் அளவா, ரத்தம் தடித்ததா, ரத்த அழுத்தம் ஏறியதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. மருந்துக்கு எளிதில் மசியாத உடம்பில் அதை அள்ளி அள்ளிப் போட்டதுதான் வினை என்ற கட்சிக்கு என் ஓட்டு. எப்படியோ, 2012-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் பொதுவாக 11.5-க்கு மேல் ஏற்றாதீர்கள், வேண்டுமென்றே 13-ஐத் தாண்டவே தாண்டாதீர்கள் என்றது. அதனால் டயாலிசிஸ் முடிந்து வெளியே வருபவர் ‘ஹெச்.பி. பதினொன்னுதான் இருக்கு, ஊசியைக் கூட்டிப் போடச் சொல்லுங்க’ என்று கேட்டு, மருத்துவர் தலையாட்ட மறுத்தால், அது கஞ்சத்தனம் அல்ல.

இன்னொரு விசித்திரம். ரத்தப் பரிசோதனையில் இரும்பு ஏராளமாக இருக்கும், ஆனால் மஜ்ஜை இரும்புக்கு ஏங்கும், தெரியுமா? புதுச் சிவப்பணுக்களுக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுப்பது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மிச்சமெல்லாம் செத்த சிவப்பணுவை உடைத்து எடுக்கும் பழைய இரும்பு. அதைக் கிடங்கிலிருந்து வெளியே விடும் வாசலை அடைக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கல்லீரல் சுரக்கிறது. உலகத்துக்கே இது 2000-க்குப் பிறகுதான் சரியாகத் தெரிந்தது. சிறுநீரகம் கெட்டவர்களிடம், உடம்பில் ஓயாத அழற்சி இருப்பதாலும் வெளியேற வழியில்லாததாலும், ஹெப்சிடின் கூடிவிடும். குதிர் நிறைய நெல் இருக்கிறது, சாவி மட்டும் மாமியார் இடுப்பில்! ஃபெரிட்டின் என்ற கணக்கு உயர்ந்திருப்பதை மட்டும் பார்த்து ‘இரும்பு போதும்’ என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான். ட்ரான்ஸ்ஃபெரின் செறிவு என்ற இன்னொரு எண்ணையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

குடலிலும் இதே ஹெப்சிடின்தான் காவல். அதனால் இரும்பு மாத்திரை பலருக்குப் போதிய பலன் தருவதில்லை, அதிலும் டீயோடு விழுங்கினால் கேட்கவே வேண்டாம். டயாலிசிஸ் செய்பவருக்குக் குழாயிலும் வடிகட்டியிலும் சோதனைக் குப்பிகளிலும் தங்கிப்போகும் ரத்தத்தின் வழியே வருஷத்துக்கு 1 முதல் 3 கிராம் இரும்பு போய்விடும். மொத்த உடம்பிலும் இருப்பதே 3, 4 கிராம்! அதனால்தான் நரம்பு வழியே இரும்பு ஏற்றுவது. பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த பிவோட்டல் ஆய்வு 2019-ல் வந்தது. குறையட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் மாதாமாதம் தாராளமாக இரும்பு ஏற்றியவர்களுக்கு இதயக் கோளாறும் மரணமும் சற்றுக் குறைந்தன, இ.பி.ஓ. ஊசியும் குறைவாகவே தேவைப்பட்டது.

மலைமேல் குடியிருக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கு ஊசி குறைவாகப் போதும், தெரியுமா? அமெரிக்காவில் 1,800 மீட்டருக்கு மேலே வசிப்பவர்களின் கணக்கைப் பார்த்தபோது அப்படித்தான் தெரிந்தது. கெட்டுப்போன சிறுநீரகத்திலும் ஹார்மோன் சுரக்கும் செல்கள் முற்றிலும் சாகவில்லை, தட்டினால் விழிக்கும் என்பதுதான் அதன் உட்பொருள். தட்டுவது எப்படி? ஆக்சிஜன் குறையும்போது செல்லுக்குள் தலைதூக்கும் ஹெச்.ஐ.எஃப். என்ற புரதம் ஒன்று உண்டு. ஆக்சிஜன் இருக்கும்போது ஒரு நொதி அதை ஓயாமல் அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இதைக் கண்ட கெய்லின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019-ல் மருத்துவ நோபல். அவர்களில் ராட்கிளிஃப் சிறுநீரக மருத்துவர்! அந்த நொதியைத் தடுக்க ஒரு மாத்திரை கொடுத்தால், சமவெளியில் உட்கார்ந்திருக்கும் உடம்பு தான் மலைமேல் இருப்பதாக நினைத்துக்கொண்டு இ.பி.ஓ. சுரக்கிறது. இரண்டு சிறுநீரகங்களையும் அகற்றியவருக்கும்கூடச் சுரக்கிறது, கல்லீரல் தன் பழைய வேலையை ஞாபகப்படுத்திக்கொள்கிறது!

இந்த வகையில் ராக்சாடஸ்டாட் மாத்திரைக்கு 2018-ல் சீனா முதலில் அனுமதி தந்தது. ஆனால் 2021-ல் அமெரிக்கா, ரத்தம் உறையும் ஆபத்தைக் காட்டி மறுத்துவிட்டது. நம் நாட்டில் அகமதாபாத்தின் ஜைடஸ் நிறுவனம் உருவாக்கிய டெசிடுஸ்டாட்டுக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. ஊசியைக் குளிர்பெட்டியில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோகும் தொல்லை இல்லாத மாத்திரை என்பது சிறிய விஷயமில்லை. ஆனால் ஊசியில் பட்ட அனுபவம் இருக்கிறதே, அவசரப்பட்டு மேளம் கொட்ட வேண்டாம் என்றும் தோன்றுகிறது.

சர்க்கரைக்காரர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி பரிசோதனை, சிறுநீரக நோயில் பொய் சொல்லும், தெரியுமா? சிவப்பணுவில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அது அளக்கிறது. இ.பி.ஓ. ஊசியால் புதுச் சிவப்பணுக்கள் குவிந்தால், சர்க்கரை ஒட்ட அவற்றுக்கு நாளே கிடைத்திருக்காது. ‘6.5தான், பிரமாதம்’ என்று நோயாளி சந்தோஷப்படுவார், குளுக்கோமீட்டரில் பார்த்தால் 220 காட்டும். இரும்புக் குறைபாட்டில் நேரெதிராக, உள்ளதை விடக் கூடுதலாகக் காட்டும்.

மூச்சுவிட நேரமில்லை, இன்னும் சில. சிறுநீரகத்தில் கொப்புளங்கள் நிறையும் பரம்பரை நோய்க்காரர்களுக்கு ரத்தசோகை மற்றவர்களை விடக் குறைவு, கொப்புளங்களைச் சுற்றியுள்ள செல்கள் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. ஒரு முறை டயாலிசிஸ் செய்ய சுமார் 120 லிட்டர் தண்ணீர் வேண்டும். குடிநீரைச் சுத்திகரிக்கப் போடும் குளோரமின் அதில் எஞ்சியிருந்தால் சிவப்பணுக்கள் வெடித்துச் சிதறும், கரி வடிகட்டி அங்கே நிற்பது அதற்காகத்தான். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் டாபாக்ளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் ஹீமோகுளோபினையும் ஓரளவு ஏற்றிவிடுகின்றன, போனஸாக!

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகு? புதுச் சிறுநீரகம் வந்த வேகத்தில் உத்தரவு போட ஆரம்பிக்கும், சில வாரங்களிலேயே முகத்தில் நிறம் ஏறும். நூறு பேரில் 10, 15 பேருக்கு அது அளவு மீறி, ரத்தம் தடித்து, தலைவலியும் ரத்த உறைவு ஆபத்தும் வரும். முன்பெல்லாம், வருஷக்கணக்கில் ரத்தம் ஏற்றிக்கொண்ட அதே ஆளின் கையிலிருந்து பாட்டில் பாட்டிலாக ரத்தம் எடுத்துக் கொட்டினார்கள். இப்போது அந்தச் சிரமம் பெரும்பாலும் இல்லை, லோசார்டன் என்ற பழைய பி.பி. மாத்திரை ஒன்றிலேயே இறங்கிவிடுகிறது.